பணியாளரின் தொழில் வளர்ச்சிக்கு மேலாளர் துணைநிற்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலாளர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் இன்று சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். முதன்முறையாக நான்கைந்து பேர் கொண்ட ஒரு டீமின் பொறுப்பை ஏற்றிருப்பவரையும், அவரைப் போன்றவர்களைத் தயார்செய்யும் மனிதவளத் துறையினரையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் தினமும் வேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதுவே கோச்சிங் ஆகாதா?

ஆகாது. கோச்சிங் என்றதும் தேர்வுக்குத் தயார்செய்யும் வகுப்புதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. இங்கே அதன் பொருள் ஏறக்குறைய நேர்மாறானது. வகுப்பில் விடை ஆசிரியரிடம் இருக்கிறது. தொழில் வளர்ச்சி குறித்த உரையாடலிலோ விடையின் பெரும்பகுதி எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது. ஓர் அறிக்கையை எப்படித் தயாரிப்பது என்று உங்களால் சொல்லிக் கொடுக்க முடியும், அதைச் செய்யவும் வேண்டும். ஆனால் "எனக்கு எந்த வேலை பிடிக்கிறது, அடுத்து நான் எங்கே போக வேண்டும், அதற்கு என்னிடம் என்ன குறைகிறது" என்ற கேள்விகளுக்கு நீங்கள் தயார் விடை வைத்திருக்க இயலாது. அந்த இடத்தில் மேலாளரால் ஆகக்கூடியவை இரண்டு. பணியாளர் தெளிவாக யோசிக்கும்படியான கேள்விகளைக் கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வது ஒன்று. அப்படி அவர் சொன்னதற்கேற்ப அவருடைய அன்றாட வேலையில் ஏதேனும் ஒன்றை உண்மையிலேயே மாற்றிக் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவது நடக்காவிட்டால் முதலாவது வெறும் பேச்சாகப் போய்விடும் என்பதே என் உறுதியான எண்ணம்.

கேள்வி: இதையெல்லாம் ஆண்டு மதிப்பீட்டின்போதே பேசிவிட்டால் போதாதா?

பெரும்பாலான நிறுவனங்களில் நடப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அப்ரைசல் அறைக்குள் நுழையும் பணியாளரின் மனத்தில் இருப்பது சம்பள உயர்வு எவ்வளவு, தரவரிசையில் தமக்கு எந்த இடம் என்ற இரண்டு கேள்விகள்தாம். அந்த நேரத்தில் "உங்களிடம் எந்தத் திறன் குறைவு என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், எந்த அறிவாளியும் தம் குறையைத் தாமே எடுத்துக் கொடுக்க மாட்டார், கொடுத்தால் அது சம்பளத்தில் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நடத்திய ஆய்வை வைத்து மேயர், கே, பிரெஞ்ச் ஆகிய மூவர் 1965-லேயே இதை எழுதிவிட்டார்கள். மதிப்பீட்டின்போது சொல்லப்படும் விமர்சனம் பணியாளரைத் தற்காப்புக்குத் தள்ளுகிறது, இலக்கை அடைவதற்கே அது குறுக்கே நிற்கிறது. குறிப்பான இலக்குகளைச் சேர்ந்து வகுத்துக்கொள்ளும்போதுதான் முன்னேற்றம் வருகிறது. சம்பளத்தைத் தீர்மானிக்கும் பேச்சும் திறனை வளர்க்கும் பேச்சும் வெவ்வேறு வேளைகளில் நடக்க வேண்டும். வளர்த்தெடுப்பது ஆண்டுக்கொருமுறை நிகழும் சடங்காக இல்லாமல் அன்றாடச் செயலாக இருக்க வேண்டும் என்பவை அவர்களுடைய முடிவுகள். அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும் இரண்டையும் ஒரே படிவத்தில் திணிக்கும் வழக்கம் தொடர்வதைக் காணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் படிவத்தை உங்களால் மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் அப்ரைசல் முடிந்து ஓரிரு மாதங்கள் கழித்து, சம்பளப் பேச்சின் சூடு ஆறிய பிறகு, தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கேள்வி: முதல் உரையாடலை எப்படித் தொடங்குவது? "உங்கள் தொழில் இலக்கு என்ன?" என்று கேட்டால் எல்லோரும் விழிக்கிறார்களே.

விழிப்பது இயல்புதான். "ஐந்து ஆண்டுகள் கழித்து எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?" என்பது நேர்காணலில் மனப்பாடம் செய்த பதிலை வரவழைக்கும் கேள்வி. எதிர்காலத்தை விட்டுவிட்டு, நடந்துமுடிந்த வேலையிலிருந்து தொடங்குங்கள். கடந்த ஆறு மாதங்களில் நேரம் போனதே தெரியாமல் செய்த வேலை எது? தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலை எது? பிறர் உங்களிடம் எதற்காக உதவி கேட்டு வருகிறார்கள்? இவற்றுக்கு எல்லோரிடமும் பதில் உண்டு.

கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பணியாளரை நினைத்துக்கொள்கிறேன். மாதந்தோறும் செலவு அறிக்கையைத் தயாரிப்பவர் அவர். நிர்வாகக் கூட்டத்தில் அதை எடுத்துரைப்பவர் அவருடைய மேலாளர். எதைக் கேட்டாலும் "எல்லாம் நன்றாகத்தான் போகிறது, சார்" என்றே பதில் வந்துகொண்டிருந்தது. மேலாளர் கேள்வியை மாற்றினார்.

"போன மாதம் நீங்கள் செய்ததில் எந்த வேலை உங்களுக்குத் திருப்தி தந்தது?"

சிறிது நேரம் மௌனம். மேலாளரும் பேசவில்லை. பிறகு அவர் மெல்லச் சொன்னார்: "போக்குவரத்துச் செலவு ஏன் திடீரென்று கூடியது என்று நானாகவே தோண்டிப் பார்த்தேன். ஒரே இடத்துக்கு இரண்டு பிரிவுகள் தனித்தனியாக வண்டி வைத்திருந்தது தெரிந்தது. அதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பாகப் போட்டிருந்தேன்."

"அதைக் கூட்டத்தில் நீங்களே சொல்லியிருந்தால்?"

"எனக்கு அங்கெல்லாம் பேச வராது, சார்." மறுபடி ஒரு மௌனம். "ஆனால் அவர்கள் கேள்வி கேட்டால் பதில் எனக்குத்தான் தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது: அவருடைய பலம், அச்சம், விருப்பம் மூன்றும். மேலாளர் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தக் கடைசிப் பக்கத்துக்கு மட்டும் பத்து நிமிடம் அவருக்கு ஒதுக்கினார். அதற்கு இரண்டு நாள் முன்பு காலி அறையில் ஒருமுறை பேசிப் பார்க்கச் செய்தார். இத்தனைக்கும் தேவைப்பட்டது ஒரு நல்ல கேள்வி, இரண்டு மௌனங்கள், பத்து நிமிட வாய்ப்பு.

மௌனத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு சொல். நான் முதன்முதலில் இத்தகைய உரையாடல் நடத்தியபோது முக்கால் மணி நேரத்தில் அரை மணிக்கும் மேலாக நானே பேசினேன். எதிரிலிருந்தவர் யோசிக்க எடுத்துக்கொண்ட ஒவ்வோர் இடைவெளியையும் என் அனுபவக் கதையால் நிரப்பிவிட்டேன். அவர் என்ன சொல்லவிருந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கேள்வி: உரையாடலுக்கு ஏதேனும் கட்டமைப்பு உண்டா?

உண்டு. பரவலாக அறியப்பட்டது குரோ (GROW) என்னும் முறை. 1980களில் பிரிட்டனில் ஜான் விட்மோரும் அவருடைய சகாக்களும் உருவாக்கிப் பரப்பியது. இலக்கு என்ன, இப்போதைய நிலை என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, இவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்ற நான்கு படிகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவது அந்தப் பெயர். புதியவர்களுக்கு இது நல்ல பிடிமானம். ஆனால் படிகளை வரிசையாகக் கடந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இப்போதைய நிலையைப் பேசப் பேசத்தான் பலருக்கு இலக்கே புலப்படும், அப்போது பின்னோக்கிப் போவதில் தவறில்லை. பெரும்பாலான மேலாளர்கள் தடுமாறுவது மூன்றாம் படியில்: பணியாளர் ஒரு வழியைச் சொன்னதுமே "அது நல்ல யோசனை, அதையே செய்யுங்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். "வேறு என்ன செய்யலாம்?" என்று இன்னும் இரண்டு முறை கேட்டுப் பாருங்கள். முதலில் வருவது பெரும்பாலும் உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர் நினைக்கும் பதில்.

கேள்வி: "எனக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை" என்று ஒருவர் சொன்னால்?

அதை நேர்மையான பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். எட்கர் ஷைன் என்ற அறிஞர் தொழில் நங்கூரம் என்ற கருத்தை முன்வைத்தார். ஒருவர் எந்த வேலைக்குப் போனாலும் விட்டுக்கொடுக்க விரும்பாத ஒன்று அவருக்குள் இருக்கும். துறை நிபுணத்துவம், நிர்வகிக்கும் பொறுப்பு, சுதந்திரம், பாதுகாப்பு, புதிதாக ஒன்றை உருவாக்குதல், சேவை, கடினமான சவால், வாழ்க்கை முறையோடு வேலை ஒத்துப்போதல் என எட்டு வகையாக அவர் அதைப் பகுத்தார். வேலை செய்து அனுபவப்பட்ட பிறகே இந்த நங்கூரம் தெளிவாகிறது என்பது அவருடைய கருத்தின் முக்கியமான பகுதி. ஆகவே ஓரிரு ஆண்டு அனுபவம் மட்டுமே உள்ள ஒருவருக்குத் தெளிவு இல்லையென்றால் குறை அவரிடம் இல்லை. அவரைத் தீர்மானிக்கச் சொல்லி நெருக்காமல், ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு மூன்று வேலைகளைச் சிறிய அளவில் செய்துபார்க்க வழிசெய்யுங்கள். எது ஒட்டிக்கொண்டது என்று பிறகு கேளுங்கள்.

கேள்வி: மேலே காலியிடமே இல்லை. பதவி உயர்வு தர முடியாதபோது வளர்ச்சியைப் பற்றிப் பேசுவது ஏமாற்றுவதாகாதா?

மேலாளர்கள் இந்தப் பேச்சையே தவிர்ப்பதற்கு முதன்மையான காரணம் இந்த அச்சம்தான். பதவி உயர்வு கிடைக்கும் என்று மறைமுகமாக நம்பிக்கை கொடுத்தால் அது ஏமாற்று. "அடுத்த ஓராண்டுக்கு இந்த டீமில் மேல்நிலைப் பதவி எதுவும் திறக்க வாய்ப்பில்லை" என்று தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பேசினால் ஏமாற்றாகாது. அந்த வெளிப்படையே நம்பிக்கையை வளர்க்கும்.

வளர்ச்சி என்றால் ஏணியில் ஏறுவது மட்டும்தான் என்ற நினைப்பையும் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். சிறந்த விற்பனையாளரை விற்பனை மேலாளராக்கி, ஒரு நல்ல விற்பனையாளரை இழந்து ஒரு சுமாரான மேலாளரைப் பெற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் ஏராளம். ஒவ்வொருவரும் தம் திறமைக்கு எட்டாத படிவரை உயர்த்தப்படுகிறார்கள் என்று 1969-இல் லாரன்ஸ் பீட்டர் எழுதியது இதைத்தான். நிபுணராகவே மேலே போவதற்குத் தனிப் பாதை வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்று பல உண்டு. உங்கள் நிறுவனத்தில் அப்படி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இருக்கும் வேலையையே வளரும்படி வடிவமைப்பது இன்னொரு வழி. எமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-இல் இதைப் பற்றி எழுதினார்கள். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களில் சிலர் தங்கள் வேலையைத் தரையைச் சுத்தம் செய்வது என்று மட்டும் கண்டார்கள். வேறு சிலர் நோயாளிகளிடமும் பார்வையாளர்களிடமும் பேசி, செவிலியரின் வேலையோட்டத்துக்கு ஏற்பத் தங்கள் வேலையை அமைத்துக்கொண்டு, தாங்களும் குணமாக்கும் பணியில் ஒரு பங்கு என்று கருதினார்கள். வேலையின் பெயரும் சம்பளமும் ஒன்றே. செய்யும் பணிகள், பழகும் மனிதர்கள், வேலையைப் பார்க்கும் பார்வை ஆகிய மூன்றிலும் அவர்கள் மாற்றம் செய்துகொண்டார்கள். ஒரு மேலாளர் இந்த மூன்றையும் கேள்விகளாக்கிப் பணியாளரிடம் வைக்கலாம்: எந்தப் பணியைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம், யாரோடு சேர்ந்து வேலை செய்தால் கற்றுக்கொள்ள முடியும், இந்த வேலை யாருக்குப் பயன்படுகிறது என்று நேரில் பார்க்க வழி உண்டா?

ஓர் எச்சரிக்கை. "வளர்ச்சி வாய்ப்பு" என்ற பெயரில் வேலையை மட்டும் கூட்டிவிடாதீர்கள். புதிய பொறுப்பு ஒன்றைக் கொடுத்தால் பழையதில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காமல் கொடுப்பது சுமை. எந்தப் பணியாளரும் அதை இரண்டே வாரத்தில் புரிந்துகொள்வார்.

கேள்வி: பயிற்சி வகுப்புக்கு அனுப்பினால் போதுமா?

வகுப்பு தொடக்கமாக இருக்கலாம். கற்றலில் 70 பங்கு வேலையிலிருந்தும் 20 பங்கு பிற மனிதர்களிடமிருந்தும் 10 பங்கு வகுப்புகளிலிருந்தும் வருகிறது என்ற கணக்கைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். 1980களில் அமெரிக்காவின் கிரியேட்டிவ் லீடர்ஷிப் மையத்தைச் சேர்ந்தவர்கள், வெற்றிபெற்ற நிர்வாகிகளிடம் "நீங்கள் எதிலிருந்து கற்றீர்கள்?" என்று கேட்டதிலிருந்து வந்தது அது. நினைவிலிருந்து அவர்கள் சொன்னவற்றின் தொகுப்பே தவிர அளந்து கண்ட விதி அல்ல. ஆகவே அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு பட்ஜெட் போடாதீர்கள். ஆனால் வேலைதான் பெரிய ஆசிரியர் என்ற அதன் சாரத்தை என் அனுபவம் முழுமையாக ஒப்புக்கொள்கிறது. வகுப்பு முடிந்து திரும்பும் பணியாளருக்கு அந்த வாரமே அதைப் பயன்படுத்தும் ஒரு வேலை காத்திருக்க வேண்டும்.

கேள்வி: குறையைச் சுட்டிக்காட்டாமல் வளர்ச்சி எப்படி வரும்?

சுட்டிக்காட்டத்தான் வேண்டும்; எதைச் சுட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. குளூகர், டெனிசி என்ற இருவர் 1996-இல் பின்னூட்டம் குறித்த நூற்றுக்கணக்கான அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டம் பயன் தந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. வேலையிலிருந்து விலகி ஆளின் மீது கவனம் திரும்பத் திரும்ப, பின்னூட்டத்தின் பயன் குறைந்தது. "நீங்கள் கூட்டங்களில் தயங்குகிறீர்கள்" என்பது ஆளைப் பற்றியது. "செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் விலை பற்றிய கேள்வி வந்தபோது எண் உங்களிடம் இருந்தும் நீங்கள் சொல்லவில்லை, அடுத்த முறை அதை முதல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் உதவுமா?" என்பது வேலையைப் பற்றியது. முதலாவதைக் கேட்டவர் இரவெல்லாம் தம்மைப் பற்றி யோசிப்பார். இரண்டாவதைக் கேட்டவர் முதல் பக்கத்தை மாற்றுவார்.

கேள்வி: தகுதிக்கு மீறிய இலக்கைச் சொல்பவரிடம் என்ன சொல்வது?

"உங்களால் முடியாது" என்றும் சொல்லாதீர்கள், "முயன்றால் எதுவும் முடியும்" என்றும் சொல்லாதீர்கள். இரண்டுமே உண்மையல்ல. அந்தப் பதவியில் இருப்பவர் ஒரு வாரத்தில் என்னென்ன செய்கிறார் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துவரச் சொல்லுங்கள். சந்திப்புக்கு நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். திரும்பி வந்தவுடன், அந்தப் பட்டியலில் இன்றே செய்யக்கூடியவை எவை, கற்க வேண்டியவை எவை என்று அவரே பிரிக்கட்டும். நான் பார்த்தவரை, சிலர் இலக்கையே மாற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பதவியின் பெயர்தான் அவர்களை ஈர்த்தது, வேலை அல்ல. சிலர் இரட்டை உறுதியோடு திரும்புகிறார்கள். நீங்கள் காணும் இடைவெளியை அப்போதும் மறைக்காமல் சொல்ல வேண்டும், காலக்கெடு உட்பட.

கேள்வி: நன்றாக வளர்த்துவிட்டால் அவர் வேறு டீமுக்கோ வேறு நிறுவனத்துக்கோ போய்விடுவாரே?

போகலாம். போவார் என்பதற்காக வளர்க்காமல் விட்டால், வெளியே வாய்ப்புள்ள திறமைசாலிகள் எப்படியும் போவார்கள். வளராதவர்கள் உங்களிடமே இருப்பார்கள். ஒருவரை அவருடைய வளர்ச்சிக்குக் குறுக்கே நின்று பிடித்து வைத்திருப்பது நியாயமல்ல என்பதே எனக்கு இதைவிடப் பெரிய காரணம். அவர் தம் உழைப்பை உங்களிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார். நிறுவனமும் இதில் தன் பங்கைச் செய்ய வேண்டும்: ஆளை வேறு பிரிவுக்கு விட்டுக்கொடுத்த மேலாளருக்குப் பதில் ஆள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகுமென்றால், அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார்.

கேள்வி: வளர விருப்பமே இல்லாதவரை என்ன செய்வது?

பெரும்பாலும் அவர் விரும்பாதது வளர்ச்சியை அல்ல, பதவியை. தம் வேலையைச் செம்மையாகச் செய்து, குறித்த நேரத்தில் வீடு திரும்ப விரும்புகிறவரை மதியுங்கள். அவருடைய திறன் காலாவதியாகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணியாளருக்கு அவருடைய துறையில் என்னைவிட அதிகம் தெரியும். நான் எப்படி அவரை வழிநடத்துவது?

கேள்வி கேட்பதற்குத் துறை அறிவு அவ்வளவாகத் தேவையில்லை. நல்ல மேலாளரிடம் என்ன இருக்கிறது என்று கூகுள் நிறுவனம் 2008-இல் தொடங்கி நடத்திய ஆக்சிஜன் என்ற உள் ஆய்வில் எட்டுப் பண்புகள் கண்டறியப்பட்டன. பொறியாளர்கள் நிறைந்த நிறுவனமாக இருந்தும், அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்றது நல்ல கோச்சாக இருப்பது. தொழில்நுட்ப அறிவு எட்டாவது. பணியாளரின் தொழில் வளர்ச்சிக்கு உதவுவதும் அந்த எட்டில் ஒன்று. துறை சார்ந்த நுணுக்கங்களுக்கு வேறொரு மூத்தவரை அவருக்கு அறிமுகப்படுத்துங்கள். உங்களால் மட்டும் முடிந்த ஒன்றும் இருக்கிறது: அவர் இல்லாத கூட்டங்களில் அவருடைய பெயரைச் சொல்வது.

கேள்வி: யாருக்கெல்லாம் இந்த உரையாடல் நடக்காமல் போகிறது?

வாய் திறந்து கேட்காதவர்களுக்கு. கூடவே, தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள், பகுதிநேரப் பணியாளர்கள், நீண்ட விடுப்பிலிருந்து திரும்பியவர்கள். அறையைக் கடந்து போகும்போது கண்ணில் படுபவருக்கே வாய்ப்பும் முதலில் கிடைக்கிறது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, விளைவு ஒன்றுதான். உங்கள் டீமினரின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் கடைசியாக எப்போது புதிய வாய்ப்பு ஒன்றைக் கொடுத்தீர்கள் என்று எதிரில் குறித்துப் பாருங்கள். பயிற்சி வகுப்புகளில் இதைச் செய்யச் சொல்லும்போது அறை அமைதியாகிவிடும்.

கேள்வி: மேலாளர்களைத் தயார்செய்ய நிறுவனம் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நேரம் கொடுக்க வேண்டும். பதினைந்து இருபது பேரை நேரடியாக நிர்வகித்துக்கொண்டு, தம் சொந்த வேலை இலக்கையும் எட்ட வேண்டியிருக்கும் ஒருவரிடம் கோச்சிங்கையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அடுத்து, விரிவுரையைக் குறைத்துப் பழக்கத்தைக் கூட்ட வேண்டும். மூவர் மூவராக உட்கார்ந்து, ஒருவர் தம்முடைய உண்மையான பிரச்சினை ஒன்றைச் சொல்ல, மற்றவர் கேள்விகள் மட்டுமே கேட்க, மூன்றாமவர் கவனித்துக் குறிப்பெடுப்பது நான் கண்டவற்றுள் மிகச் சிறந்த பயிற்சி. நடித்துக்காட்டும் கற்பனைப் பிரச்சினை வேண்டாம். கேள்வி கேட்பவர் எத்தனை முறை கேள்விக்குள் அறிவுரையை ஒளித்துவைத்தார் என்று மூன்றாமவர் எண்ணட்டும், "இப்படிச் செய்தால் என்ன?" என்பதும் அறிவுரைதான். அதோடு, மேலாளரைத் தம் மேலாளர் இப்படி ஒருமுறையாவது உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும். தாம் பெறாத ஒன்றைப் பிறருக்குக் கொடுப்பது பெரும்பாலானவர்களுக்குக் கடினம்.

கேள்வி: பலன் இருக்கிறது என்பதை எப்படி அறிவது?

எத்தனை உரையாடல்கள் நடந்தன என்று எண்ணாதீர்கள். எண்ணத் தொடங்கினால் உரையாடல்கள் படிவத்தில் மட்டும் நடக்கும். ஆறு மாதங்களுக்கு முன் செய்யாத எந்த வேலையை இந்தப் பணியாளர் இப்போது செய்கிறார் என்று கேளுங்கள். பதில் ஒரே வரியில் வர வேண்டும். பிறகு, சந்திப்பின் முதல் பேச்சை யார் தொடங்குகிறார் என்று கவனியுங்கள். நான் மேலே சொன்ன கணக்குப் பிரிவுப் பணியாளர் முதல் கூட்டத்தில் பத்து நிமிடத்துக்குப் பதிலாக நான்கு நிமிடமே பேசினார். தாள் பிடித்திருந்த கை நடுங்கியது. மூன்றாவது மாதச் சந்திப்பில் மேலாளர் உட்காரும் முன்பே அவர் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். அதில் இரண்டு வரிகள் இருந்தன: கூட்டத்தில் தாம் பேச விரும்பும் அடுத்த விஷயம் ஒன்று, வேறொருவருக்குக் கைமாற்றிவிட விரும்பும் வேலை ஒன்று.